படகை இறக்குவதா, எஞ்சினை இறக்குவதா?

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில் உள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரம், எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள மேட்டில், நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு ஜெட் படகு டிரெய்லரில் நிற்கிறது. பதினான்கு மாதமாக அங்கேயேதான். அண்ணி வளர்க்கும் கோழிகளில் ஒன்று பின் இருக்கைக்கு அடியில் முட்டையிடப் பழகிவிட்டது. இந்த வருடம் படகால் வந்த ஒரே வருமானம் அந்த முட்டைதான் என்று மச்சான் சொல்லிச் சிரிப்பான். படகுக்குப் பணம் போட்டவர்களில் அவனும் ஒருவன் என்பதால் கேட்கிற எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம்: நான், மச்சான், சித்தப்பா மகன். 1997-இல் செய்த பதினான்கடிப் படகு. கடற்கரை ஊரான பெந்தோட்டையில் நீர் விளையாட்டுத் தொழில் நடத்திய ஒருவர் கையை விட்டு வந்தது. உள்ளே இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் ரோட்டாக்ஸ் எஞ்சின், 85 குதிரைவலு. சிவனொளிபாதமலைப் பருவத்தில் எங்கள் நான்கு அறைகளுக்கு வந்து தங்குகிறவர்களை நீரில் ஒரு சுற்று அழைத்துப் போகலாம் என்று கணக்குப் போட்டோம். முதல் பருவம் கணக்குப்படி நடந்தது. இரண்டாவது பருவத்தின் நடுவில் நடுத்தண்ணீரில் நின்றது. அதன் பிறகு இரண்டு தடவை பழுது பார்த்தோம், இரண்டு தடவையும் மறுபடி நின்றது. டிசம்பரில் வரும் உந்துவப் பௌர்ணமிக்கு மலை ஏறுகிற பருவம் தொடங்கிவிடும். அதற்குள் மூன்றாவது முறை பணம் போடுவதா, போட்டால் எதில் போடுவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

மூவரும் மூன்று பக்கம் இழுக்கிறோம். வாயால் வாதாடினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதிப் பார்க்கிறேன். நுவரெலியாவிலோ கொத்மலைப் பக்கமோ பழைய ஜெட் படகையோ ஜெட் ஸ்கீயையோ வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், கோளாறு எஞ்சினில்தானா?

ஜெட் படகுக்கு வெளியே சுற்றுகிற புரொப்பெல்லர் கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை. அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் பின்பக்கக் குழாயால் பீய்ச்சித் தள்ளுகிறது. நியூசிலாந்தில் பில் ஹமில்டன் என்பவர் 1950-களில் ஆழமில்லாத ஆறுகளுக்காக இந்த முறையைச் செய்து காட்டினார். எங்களுக்கும் அதே தேவைதான். மழை இல்லாத மாதங்களில் நீர்மட்டம் இறங்கினால் எங்கே மேடு, எங்கே கல் என்று சொல்ல முடியாது. பக்கத்து மவுசாகலையில் நீர் வற்றும்போது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், பார்க்கக் கூட்டம் கூடும். எங்கள் பக்கம் தெரிவதெல்லாம் சேறும் கல்லும்தான். புரொப்பெல்லர் என்றால் முதல் வாரத்திலேயே இதழ் போயிருக்கும்.

ஆனால் தண்ணீரை உறிஞ்சுகிற வாய் மணலையும் கூழாங்கல்லையும் சேர்த்தே உறிஞ்சும். இம்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம் உண்டு, எங்கள் படகில் அது பிளாஸ்டிக். இம்பெல்லர் இதழுக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பம்ப் தண்ணீரைப் பிடிக்காமல் நுரையைப் பிடிக்கும். எஞ்சின் கத்தும், படகு நகராது.

இதில் இருந்து ஒரு எளிய சோதனை. எஞ்சின் கத்தியும் படகு நகரவில்லையென்றால் பம்பைப் பாருங்கள். எஞ்சினே சுற்று ஏற மறுத்தால் எஞ்சினைப் பாருங்கள். வளையம் மாற்றுவது ஒரு நாள் வேலை, செலவும் தாங்கக்கூடியது. எங்கள் வளையம் தேய்ந்து போயிருந்ததை இரண்டாவது பழுதின்போதுதான் ஒருவர் விரலை விட்டுப் பார்த்துச் சொன்னார். அதுவரை பாவம், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு விஷயம் மலைநாட்டுக்காரர் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியது. சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தைக் கம்ப்ரெஷன் மீற்றரை வைத்துப் பார்த்தால் கடற்கரையில் 150 பிஎஸ்ஐ காட்டுகிற நல்ல சிலிண்டர், ஆயிரம் மீற்றர் உயரத்தில் 130, 135 என்றுதான் காட்டும். இங்கே காற்றின் அழுத்தமே பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. அது தெரியாமல் ஒருவர் எங்களிடம் "பிஸ்டன் போச்சு" என்று விலை பேசினார். பார்க்க வேண்டியது மீற்றர் காட்டுகிற எண்களை விட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தை. பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவலைப்படலாம். இப்போது எங்கள் எஞ்சினில் அந்த வித்தியாசம் இருக்கிறது. அடியில் இருந்து டொக் டொக் என்று ஒரு சத்தமும் வருகிறது. கிராங்க் பெயாரிங், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டைத் தாங்கும் பெயாரிங்.

இங்கு வந்து சேர்ந்த கதை

முதல் பழுது மலையிலேயே நடந்தது. ஊரையும் கராஜையும் சொல்ல வேண்டாம், மெக்கானிக் பாஸ் நல்ல மனிதர். பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோக்களைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். பிஸ்டன் ரிங் மாற்றினார், கேஸ்கட் வெட்டிப் போட்டார், எல்லாம் சுத்தம். ஆனால் இந்த எஞ்சினில் காற்றும் பெற்றோலும் உள்ளே போகிற வழியைத் திறந்து மூட ஒரு வட்டத் தகடு இருக்கிறது. கிராங்க் சுற்றும்போது கூடவே சுற்றும். அதை வைக்கிற கோணம் பாகையளவில் சரியாக இருக்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் பொருந்தும் என்பதுதான் அதில் உள்ள கேடு. பாஸ் திருப்பிப் போட்டுவிட்டார்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், காபரேட்டர் வழியாகத் துப்பும், இழுக்காது. காபரேட்டரில் அடைப்பு என்றார். சுத்தம் செய்தார். பெற்றோல் சரியில்லை என்றார். மாற்றினோம். கடைசியில் நாங்கள் ஓட்டுகிற விதம் சரியில்லை என்றார். மூன்று கிழமை போனது. சித்தப்பா மகன் இரவெல்லாம் போனில் வீடியோ பார்த்து, காலையில் வந்து "அண்ணே, தகடு தலைகீழா இருக்கு" என்றான். சரி செய்ய அரை மணி நேரம் எடுத்தது. பாஸ் அந்த அரை மணிக்குக் கூலி வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு எங்கள் வீட்டுத் தவறு. டிரெய்லரில் வைத்து ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சினைக் குளிர்விக்க ஹோஸ் பைப்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும். முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். மச்சான் பைப்பைத் திறந்துவிட்டு, சாவியைத் தேடி வீட்டுக்குள் போய், தேநீர் குடித்துவிட்டு வந்தான். பிளக்கைக் கழற்றிச் சுற்றியபோது இரண்டு ஓட்டை வழியாகவும் தண்ணீர் ஆளுயரத்துக்கு அடித்தது. கனெக்டிங் ரொட் வளையவில்லை என்று சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினோம். அப்போதே உள்ளே எண்ணெய் விட்டு நன்றாக ஓட விட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. இரண்டு கிழமை அப்படியே விட்டோம். இப்போது கேட்கிற அந்த டொக் டொக்குக்கு விதை அன்று போட்டது என்று நினைக்கிறேன். மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டான்.

இரண்டாவது பழுதுக்குப் படகையே கடற்கரைக்கு இறக்கினோம். ஹட்டனில் இருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர், அங்கிருந்து இன்னும் கொஞ்சம். வாடகை வேனுக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு கினிகத்தேனை வளைவுகளில் இறங்கியது ஒரு தனிக் கதை. ஐந்து கிழமைக்குப் பிறகு போன் வந்தது. போனோம். எங்கள் கண் முன்னாலேயே களப்பில் ஓட்டிக் காட்டினார்கள், அம்பு மாதிரி பாய்ந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு மேலே கொண்டு வந்தோம். காசல்ரீயில் இறக்கிய முதல் நாளே மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதது, மேலே எழும்பவில்லை. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி.

போன் செய்தோம். "இங்கே ஓடியதுதானே" என்றார்கள். ஓடியது உண்மைதான். மறுபடி போன் செய்தோம். மூன்றாவது தடவை எடுக்கவில்லை.

அது பொய்யோ ஏமாற்றோ இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. கடல் மட்டத்துக் காற்றுக்குப் பெற்றோலை அளந்து வைத்த காபரேட்டரை ஆயிரம் மீற்றர் மேலே கொண்டு வந்தால், காற்று மெலிந்துவிடும், பெற்றோல் அதே அளவில் வரும். கலவை கொழுத்துப் போய் பிளக் கரி பிடிக்கும். அதோடு 300 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய மூன்று சதவீதம் வலுவும் போகும். காசல்ரீயில் பத்து சதவீதம், நுவரெலியாவின் கிரகரி வாவி 1,800 மீற்றருக்கு மேலே இருப்பதால் அங்கே இருபதுக்குக் கிட்ட. காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடுகிற துளையான பிரதான ஜெட்டை ஒரு அளவு சின்னதாக மாற்றி, திருகாணிகளை இங்கே வைத்துச் சரி செய்திருந்தால் படகு எழும்பியிருக்கும். படகின் ஜெட் வேறு, காபரேட்டரின் ஜெட் வேறு. இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் போனில் காசு தீர்ந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கே மெலிதாக்கி வைத்த காபரேட்டரோடு படகை யாராவது பெந்தோட்டைக்குக் கொண்டு போய் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துவிடும். விற்கிறவர்கள் வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

இப்போது கையில் உள்ள வழிகள்

மறுபடியும் மலையிலேயே முழு வேலையையும் செய்வது முதல் வழி. இதற்குச் சார்பாக நான் நிறையச் சொல்வேன். பாஸ் கூப்பிட்டால் வருவார். தகட்டுப் பாடம் படித்துவிட்டார், இனி மறக்க மாட்டார். பொருள் தேவையென்றால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுத்து ஹட்டன் பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் மாலைக்குள் வந்துவிடும், அது எந்தக் கூரியரையும் விட நம்பகமானது. ஆனால் பஞ்சிகாவத்தையில் ஓட்டோவுக்கும் காருக்கும் லொறிக்கும் எல்லாம் கிடைக்கும், இந்த எஞ்சினின் கிராங்க் சீல் கிடைக்காது. அதை வெளிநாட்டில் இருந்துதான் வரவழைக்க வேண்டும். தவிர இந்தக் கிராங்க் ஒரே துண்டு இல்லை. துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது. பெயாரிங் மாற்ற வேண்டுமென்றால் பிரஸ்ஸில் பிரித்து, மறுபடி சேர்த்து, முடியளவு கோணல் இல்லாமல் நேராக்க வேண்டும். பாஸிடம் சுத்தியல் இருக்கிறது. சுத்தியலால் இதைச் செய்யக் கூடாது.

இரண்டாவது வழி, படகை மறுபடி கரைக்கு இறக்குவது. நீர்கொழும்பு, பேருவளைப் பக்கம், படகின் பின்னால் தொங்குகிற அவுட்போர்ட் எஞ்சினோடு பிறந்து வளர்ந்த கைகள் இருக்கின்றன. பெந்தோட்டையில் ஜெட் ஸ்கீ வைத்திருப்பவர்கள் அதிகம் என்பதால் இந்த வகை எஞ்சினைத் திறந்து பார்த்தவர்களும் கிடைப்பார்கள். கிராங்க் வேலைக்கு அவர்களை விட்டால் ஆள் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போக்குவரத்துச் செலவு, ஐந்து கிழமைக் காத்திருப்பு, மேலே வந்ததும் கரிப் பிளக், எடுக்காத போன். அதோடு எண்ணெய் விஷயத்தில் ஒரு பழக்கம் உண்டு. அவுட்போர்ட்டுக்கான எண்ணெய்தான் அங்கே கைக்கு வருகிறது, டிசி-டபிள்யூ3 என்று போத்தலில் போட்டிருக்கும். அது அவுட்போர்ட்டுக்கு அருமையான எண்ணெய். இந்த ரோட்டாக்ஸ் அதைவிடச் சூடாக ஓடுவது, ஏபிஐ-டிசி என்ற வகையைக் கேட்கும். மோட்டார் சைக்கிள் டூ ஸ்ட்ரோக் எண்ணெய்களில் அது உண்டு. இதைச் சொன்னால் "முப்பது வருஷமா இதைத்தான் ஊத்துறோம் தம்பி" என்று பதில் வரும். முப்பது வருடமாக அவர் ஊற்றியது வேறு எஞ்சினில்.

மூன்றாவது வழி சித்தப்பா மகனுடையது: ரீகண்டிஷன் எஞ்சின், அதாவது பிரித்துப் புதுப்பித்த பழைய எஞ்சின் ஒன்றை வெளிநாட்டில் இருந்து எடுப்பது. கேட்கும்போது இனிப்பாக இருக்கும், பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தால் முடிந்தது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 2022-இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360-ஐத் தொட்டபோது வெளிநாட்டுப் பொருளுக்கு முன்பணம் கட்டியவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான். இப்போது அந்த நிலை இல்லை, சரி. இருந்தாலும் கப்பல் கூலி, தீர்வை எல்லாம் சேர்த்தால் அவன் காட்டிய விலை படகை நாங்கள் வாங்கிய விலையில் பாதியைத் தாண்டுகிறது. அது சரியாக வரும் என்பதற்கும் உத்தரவாதம் கடதாசியில்தான். ரீகண்டிஷன் செய்தவர் சேதமான பாகத்தைக் கண்டால் மாற்றியிருக்க வேண்டும். மாற்றினாரா என்று இங்கே திறந்து பார்த்தால் உத்தரவாதம் போய்விடும், திறக்காமல் விட்டால் தெரியாது. தவிர அது வந்த பிறகும் கலவையை இங்கே வைத்துத்தான் சரி செய்ய வேண்டும், பூட்டவும் பாஸ்தான் வேண்டும். ஆக, எஞ்சின் மாறுகிறது, தலைவலி மாறவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. கிராங்கோடு சேர்ந்து அதைச் சுற்றியுள்ள எஞ்சின் உறையும் வெடித்திருந்தால், பழுது பார்க்கிற கணக்கே விழுந்துவிடும். அப்போது இதையோ அடுத்ததையோதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது மச்சானுடையது. எஞ்சினையும் பம்பையும் கழற்றிப் போட்டுவிட்டு, பின்பக்கம் அவுட்போர்ட் ஒன்றைத் தொங்க விடுவது. இதை நான் முதலில் சிரித்துத் தள்ளினேன், பிறகு இரண்டு இரவு யோசித்தேன். நம் நாட்டு மீனவர்கள் பாவிக்கிற அளவு அவுட்போர்ட் என்றால் அதற்குக் கிடைக்காத பாகம் இல்லை, தெரியாத மெக்கானிக் இல்லை. எங்கள் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு முப்பது லீற்றருக்கு மேல் குடிக்கும், 40 குதிரைவலு அவுட்போர்ட் அதில் பாதியைக் குடிக்கும். 2022-இல் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய் வரை போனதையும், பங்கீட்டுக்கான கியூஆர் கோட்டை நீட்டிக்கொண்டு பெற்றோல் ஷெட்டில் நின்றதையும் நினைத்தால் பாதி என்பது சின்ன விஷயம் இல்லை.

வேகத்தில் எவ்வளவு குறையும்? ஜெட் பம்ப் புரொப்பெல்லரை விட வலுவை வீணாக்கும். அதே வலுவில் முப்பது சதவீதம் வரை போகும் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் எங்கள் 85-க்குச் சமமாக 60 போதும். 40 என்றால் இரண்டு பேரோடு எழும்பும், ஐந்து பேரோடு உழும். எங்கள் விருந்தினருக்கு வேகம் பெரிதில்லை, தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு போகத்தான் வருகிறார்கள்.

மச்சான் கணக்கில் சேர்க்காதது படகின் உடம்பை. ஜெட் படகின் பின்சுவர் எஞ்சினைத் தாங்கக் கட்டியது இல்லை. எஞ்சின் நடுவில் கீழே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் முழுப் படகின் எடையையும் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டுப் பின்சுவரில் பாரத்தைத் தொங்க விட்டால் பின்பக்கம் அமுங்கும். பின்சுவரை உள்ளே இருந்து மரமும் ஃபைபரும் வைத்துத் தடிப்பாக்க வேண்டும், அடியில் பம்ப் வாய் இருந்த ஓட்டையை ஃபைபரால் அடைக்க வேண்டும், ஸ்டியரிங் கேபிளை மாற்ற வேண்டும். ஃபைபர் வேலையைத் தெரியாதவர் செய்தால் படகு நடுத்தண்ணீரில் வாய் திறக்கும், அப்போது எஞ்சின் ஓடுகிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதோடு வறண்ட மாதங்களில் கல்லில் அடிபடும் புரொப்பெல்லர் பிரச்சினை திரும்பி வருகிறது. எந்த மாதங்களில் வருகிறது? சரியாக மலைப் பருவத்தின் பின்பாதியில், ஆட்கள் வந்து தங்குகிற மாதங்களில்.

விற்பதைப் பற்றியும் பேசினோம். நின்ற படகுக்கு ஒருவர் சொன்ன விலை டிரெய்லரின் விலை. டிரெய்லரை மட்டும் விற்கலாமே என்றான் சித்தப்பா மகன். பேச்சு அங்கே முடிந்தது.

நான் எந்தப் பக்கம்

இந்த வழிகளை விலையின்படி வரிசைப்படுத்தினால் ஒரு வரிசை வரும், வேகத்தின்படி என்றால் இன்னொன்று. எனக்கு இரண்டும் இரண்டாம் பட்சம். இரண்டு பழுதிலும் எங்களை வதைத்தது செலவு இல்லை. கிராங்க் தெரிந்தவருக்கு இந்த மலைக்காற்று தெரியவில்லை, மலைக்காற்று தெரிந்தவருக்குக் கிராங்க் தெரியவில்லை. இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்ததுதான் பிழை. படகு முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்குத் தெரியாத பாதிக்கும் அவரையே திட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே நான் சொல்கிற வழி இது. படகு இங்கேயே நிற்கட்டும், எஞ்சினை மட்டும் இறக்குவோம். எக்ஸாஸ்ட்டையும் காபரேட்டரையும் கழற்றிவிட்டால் மீதியை இரண்டு பேர் தூக்கலாம், மூன்று பேர் என்றால் முதுகுக்கு நல்லது. வேனின் பின்னால் சாக்கு விரித்து வைத்துக் கொண்டு போய்விடலாம், டிரெய்லர் வேண்டாம், கினிகத்தேனை வளைவில் உயிரைக் கையில் பிடிக்க வேண்டாம். கரையில் உள்ளவர் செய்ய வேண்டியது கிராங்க், சீல், பிஸ்டன், வட்டத் தகட்டின் கோணம். அவ்வளவுதான். காபரேட்டரைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம், அதனால்தான் அது இங்கேயே இருக்கிறது.

எஞ்சின் மேலே வந்ததும் பாஸின் பங்கு தொடங்கும். காபரேட்டரைத் திறந்து உள்ளே உள்ள சின்ன வடிகட்டிகளைப் பார்க்க வேண்டும். அந்தக் காலப் படகுகளில் சாம்பல் நிறப் பெற்றோல் குழாய் போட்டிருப்பார்கள், அது உள்ளே கரைந்து பச்சைக் களிம்பாக வந்து வடிகட்டியை அடைக்கும். எங்களுடையதில் பாதிக் குழாய் இன்னும் பழையது என்பதைப் போன கிழமைதான் கவனித்தேன். முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுக் கறுப்புக் குழாய் போடப் போகிறோம். பிறகு ஜெட், திருகாணி எல்லாம் காசல்ரீத் தண்ணீரில் வைத்தே. பிளக்கின் நிறம் காய்ந்த இலையின் பழுப்பு நிறத்துக்கு வரும்வரை ஓட்டி, நிறுத்தி, கழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போகும். போகட்டும்.

எஞ்சினைத் திரும்ப உட்கார வைக்கும்போது அதன் அச்சும் பம்ப் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடையில் உள்ள சீல் சில மாதத்தில் தின்றுபோகும், படகுக்குள் தண்ணீர் வரும். இதைக் கரையில் சிறப்புக் கருவி வைத்துச் செய்வார்கள். நாங்கள் தோட்டத்துத் தொழிற்சாலை ஃபிட்டரைப் பிடித்திருக்கிறோம், எனக்கு மாமா முறை. கொழுந்து அரைக்கிற ரோலருக்கு மோட்டாரை நேர் வைப்பது அவருக்கு மாதா மாதம் நடக்கிற வேலை. விஷயத்தைச் சொன்னதும் படகுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "இவ்வளவுதானா? ஒரு டயல் கேஜும் நாலு தகரத் துண்டும் போதும்" என்றார். அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி கடந்த ஒரு வருடத்தில் எந்த கராஜிலும் ஏற்படவில்லை.

கரையில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். "கிராங்கை என்ன செய்வீர்கள்?" என்று போனில் கேட்கிறேன். "பிரச்சினை இல்லை, கொண்டு வாங்க" என்கிறவரை விட்டுவிடுகிறேன். "திறந்து அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்கிறவரைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். இதுவரை நான்கு பேரைக் கேட்டதில் ஒருவர்தான் அப்படிச் சொன்னார். அவர் எங்களிடம் எந்த உயரத்தில் ஓட்டுகிறீர்கள் என்றும் கேட்டார். அவரிடம்தான் போகிறோம்.

மச்சானுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். திறந்து பார்த்துவிட்டு உறையே போய்விட்டது என்று அவர் சொன்னால், வாதம் இல்லை, எஞ்சினை அங்கேயே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நீர்கொழும்பில் நல்ல ஃபைபர்காரரைத் தேடி அவுட்போர்ட் பக்கம் போய்விடுவோம். கிராங்க் மட்டும்தான் என்றால் அவன் வாயைத் திறக்கக் கூடாது, ஹோஸ் பைப்பையும் திறக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைக் கழற்றுகிறோம். பாஸ் செயின் பிளொக் கொண்டு வருகிறார். அண்ணி மட்டும் கோழியை எங்கே மாற்றுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.